எந்த வருஷம் அவர்கள் அமெரிக்கர் ஆனார்கள்?

கேள்வி: ஐயா, நான் அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். அமெரிக்கச் சுதந்திரப் போர் நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு மாணவன் எழுந்து, “மிஸ், அங்கே போய்க் குடியேறினவங்களும் இங்கிலீஷ்காரங்க, அவங்களை ஆண்டவங்களும் இங்கிலீஷ்காரங்க. அப்புறம் எப்படி ஒருத்தரை ஒருத்தர் அந்நியர்னு சொல்லிக்கிட்டாங்க? எந்த வருஷம் அமெரிக்கன் ஆனாங்க?” என்று கேட்டான். தூரம், வரி, பல நாட்டு மக்கள் கலந்தது என்று விளக்கினேன். “அதெல்லாம் முன்னாடியே இருந்துச்சே மிஸ்” என்றான். எனக்கே திருப்தி இல்லை. ஒரு பீரியடில் இதை எப்படிப் புரியவைப்பது?

– ஓர் ஆசிரியை, கடலூர் மாவட்டம்

பதில்:

வணக்கம் டீச்சர்.

முதலில் அந்தப் பையனுக்கு ஒரு சபாஷ் சொல்லிவிடுங்கள். கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் நீங்கள் சொன்ன அந்த மூன்றையும்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். நடுவே மூவாயிரம் மைல் கடல், தலைமேல் வரி, பல நாட்டு ஆட்கள் கலந்த சமூகம். தேர்வுக்கு அது போதும், மார்க்கும் விழும். ஆனால் “முன்னாடியே இருந்துச்சே” என்ற ஒரே வரியில் அவன் அதைக் கவிழ்த்துவிட்டான். வர்ஜீனியாவில் ஜேம்ஸ்டவுன் குடியேற்றம் 1607இல் வந்தது. அன்றைக்கும் அதே கடல்தான். 1776 வரை 169 வருஷம் அந்தக் கடல் யாரையும் பிரித்துவிடவில்லை.

இன்னொரு சோதனையும் வைத்துப் பார்க்கலாம். கரும்புத் தோட்டத் தீவான ஜமைக்காவும் பிரிட்டிஷ் குடியேற்றம்தான். அங்கேயும் கடல் நடுவில் கிடந்தது, சொந்தச் சட்டசபை இருந்தது, பத்திரம், பத்திரிகை மாதிரியான காகிதங்கள்மேல் பாராளுமன்றம் போட்ட 1765இன் முத்திரை வரி அந்தத் தீவின் தலையிலும் விழுந்தது. ஆனாலும் ஜமைக்கா பிரியவில்லை. 1774 டிசம்பரில் அதன் சட்டசபை வட அமெரிக்கக் குடியேற்றங்களின் பக்கம் பேசி மன்னருக்கு விண்ணப்பம்கூட அனுப்பியது. அதே விண்ணப்பத்தில், எங்களிடம் வெள்ளையர் கொஞ்சம் பேர், அடிமைகள் இரண்டு லட்சத்துக்கும் மேல், எதிர்க்கும் எண்ணம் எங்களுக்கு எங்கிருந்து வரும் என்றும் எழுதிக்கொண்டது. பத்துப் பேரில் ஒன்பது பேரை அடிமையாக வைத்திருந்த இடத்தில் பிரிட்டிஷ் பட்டாளம் பக்கத்தில் இல்லாவிட்டால் தோட்ட முதலாளிக்குத் தூக்கம் பிடிக்காது. கையில் காசு சேர்ந்தால் அவர் லண்டனில் வீடு பார்த்துப் போய்விடுவார், பிள்ளைகளையும் இங்கிலாந்துப் பள்ளியில் சேர்ப்பார். தூரமும் வரியும் மட்டும் ஒரு மக்களை உண்டாக்கிவிடும் என்றால் ஜமைக்காவிலும் அது நடந்திருக்க வேண்டும்.

ஆக, நான் சொல்ல வருவது இதுதான். அவர்கள் முதலில் வேறு மக்களாக மாறி, அதன் பிறகு சண்டைக்குப் போகவில்லை. 1765இலிருந்து 1776 வரை நடந்த சண்டைதான் அவர்களை வேறு மக்கள் ஆக்கியது. அதற்கு முந்தைய தலைமுறை இங்கிலாந்தோடு இன்னும் நெருங்கிக்கொண்டுதான் இருந்தது.

இந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். காட்டை வெட்டி, கரடியோடு மல்லுக்கட்டி, நாளாக ஆக இங்கிலாந்தை மறந்துபோன மனிதர்கள் என்ற சித்திரம் நம் எல்லார் மனதிலும் இருக்கிறது. நடந்தது தலைகீழ். தாத்தா மரத்தட்டில் சாப்பிட்டிருப்பார், பேரன் வீட்டில் இங்கிலாந்துப் பீங்கானில் தேநீர் ஊற்றினார்கள். 1750களில் பாஸ்டனிலும் பிலடெல்பியாவிலும் கொஞ்சம் வசதியான வீட்டுக்குள் நுழைந்தால் துணி, கத்தி, கண்ணாடி, புத்தகம் எல்லாம் கப்பலில் வந்தவையாக இருக்கும். வக்கீல்கள் லண்டன் வக்கீல் மாதிரி அங்கி மாட்டிக்கொண்டார்கள். பக்கத்துக் குடியேற்றத்தோடு இருந்த உறவைவிட லண்டனோடு இருந்த உறவு பலருக்கு நெருக்கம்.

வகுப்பில் காட்ட ஒரு நல்ல ஆள் ஜார்ஜ் வாஷிங்டன். குதிரைமேல் உட்கார்ந்த தேசத் தந்தையைச் சொல்லவில்லை, சாமான் லிஸ்ட் போடும் வர்ஜீனியாப் பண்ணைக்காரரைச் சொல்கிறேன். தன் புகையிலையை லண்டன் ஏஜெண்டுக்குக் கப்பலேற்றுவார். பதிலுக்கு இன்னின்ன துணி, இன்ன சாமான் என்று நீளமாக எழுதி அனுப்புவார். 1760 செப்டம்பரில் அந்த ஏஜெண்டுக்கு ஒரு கடிதம் போகிறது. நல்லதாக, நாகரிகமாக அனுப்பச் சொன்னால், எங்கள் முன்னோர் அந்தக் காலத்தில் பயன்படுத்தியிருக்கக்கூடிய சாமானை அல்லவா அனுப்புகிறீர்கள் என்று எரிந்து விழுகிறார். கோபம் எங்கிருந்து வருகிறது பாருங்கள். ‘எனக்கு உன் சாமான் வேண்டாம்’ என்று அவர் சொல்லவில்லை. ‘லண்டன் கனவானுக்குக் கொடுப்பதை எனக்கும் கொடு, என்னைப் பட்டிக்காட்டான் என்று நினைத்தாயா?’ என்பதுதான் சங்கதி.

இதைவிடக் கூர்மையான உதாரணம் அதற்கு நாலு வருஷம் முன்னால் நடந்தது. பிரெஞ்சுக்காரர்களோடு சண்டை நடந்துகொண்டிருந்த நேரம். வாஷிங்டன் வர்ஜீனியா ரெஜிமெண்டுக்குக் கர்னல். ஆனால் அது குடியேற்றம் கொடுத்த பதவி. மன்னரின் கையொப்பத்தோடு வந்த பதவி என்றால் அது வேறு. 1754இல் வந்த ஓர் உத்தரவின்படி, மன்னரின் படையில் இருக்கும் வெறும் கேப்டனுக்குக்கூடக் குடியேற்றத்துக் கர்னல் கீழேதான். கம்பர்லாந்துக் கோட்டையில் மேரிலாந்தைச் சேர்ந்த டாக்வொர்தி என்ற கேப்டன் இருந்தார். அவரிடம் இருந்தது முப்பது பேர் போல. ஆனால் அவரிடம் எப்போதோ பெற்ற ராஜ கமிஷன் ஒன்று, அதாவது மன்னர் கொடுத்த பதவி ஆணை, இருந்தது. அதைக் காட்டி, “உன் ஆணை எனக்குச் செல்லாது” என்று சொல்லிவிட்டார். 1756 குளிர்காலத்தில் வாஷிங்டன் குதிரையேறி பாஸ்டன் வரை போனார், படைத் தலைமையில் இருந்த ஆளுநர் ஷர்லியைப் பார்த்து முறையிட. அந்தப் பயணத்தில்தான் அவருக்கு 24 வயது நிறைந்தது. டாக்வொர்தி விஷயத்தில் தீர்ப்பு வாஷிங்டன் பக்கம் வந்தது. அவர் உள்ளூர ஆசைப்பட்ட ராஜ கமிஷன் மட்டும் வரவில்லை, கடைசிவரை வரவே இல்லை.

அடுத்த வருஷம், 1757 மார்ச்சில், வர்ஜீனியாவை நிர்வகித்த டின்விட்டிக்கு அவர் எழுதிய கடிதத்தில் ஒரு வரி வருகிறது. அமெரிக்கராக இருப்பதாலேயே பிரிட்டிஷ் குடிகளுக்கு உரிய நன்மைகள் எங்களுக்கு இல்லாமல் போகும் என்பதை எங்களால் நினைத்துப் பார்க்க முடியவில்லை என்கிறார். இந்த வரியைப் பலகையில் எழுதிப் போடுங்கள் டீச்சர். ‘அமெரிக்கர்’ என்ற சொல் அதில் இருக்கிறது. ஆனால் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லும் சொல்லாக இல்லை. ஒரு குறையைச் சொல்லும் இடத்தில் வருகிறது. எங்களை ஏன் அப்படிப் பிரித்துப் பார்க்கிறீர்கள் என்று கேட்பவரின் வாயில் வருகிறது.

அந்தச் சொல்லுக்கே ஒரு கதை உண்டு. முதலில் ‘அமெரிக்கன்’ என்றால் அந்த மண்ணின் பழங்குடிகளைத்தான் குறித்தது. பிறகு இங்கிலாந்துக்காரர்கள் அங்கே குடியேறிய தங்கள் சொந்தக்காரர்களையும் அப்படி அழைக்க ஆரம்பித்தார்கள். அதில் ஓர் இளக்காரம் இருந்தது, ‘அந்தக் காட்டுப் பக்கத்து ஆள்’ என்கிற தொனி. ‘யாங்கி’ என்ற சொல்லும் அப்படித்தான். பிரிட்டிஷ் சிப்பாய்கள் நியூ இங்கிலாந்துக்காரர்களைக் கேலி செய்யச் சொன்னது. கேலிக்கு ஆளானவர்களே பிறகு அதை எடுத்துச் சட்டையில் குத்திக்கொண்டார்கள். பட்டப்பெயர் நிலைத்துப்போவது எப்படி என்று உங்கள் வகுப்புப் பையன்களுக்கு நீங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை.

சரி, 1763க்கு வருவோம். அந்த வருஷப் பாரிஸ் உடன்படிக்கை உங்கள் ஊர்ப் பக்கத்தையும் தொட்டது. 1761இல் ஆங்கிலேயர் பிடித்த பாண்டிச்சேரி அந்த உடன்படிக்கையில்தான் பிரெஞ்சுக்காரர் கைக்குத் திரும்பியது. அமெரிக்காவிலோ கனடா பிரிட்டன் கைக்கு வந்தது. அன்று பாஸ்டனிலும் பிலடெல்பியாவிலும் இருந்த கொண்டாட்டம் லண்டனில் இருந்ததற்குக் குறைந்ததில்லை. தாங்களும் சேர்ந்து ஜெயித்த சாம்ராஜ்யம் என்ற பெருமை. பிரிட்டிஷ் என்ற உணர்வு உச்சத்தில் நின்ற நேரம் அது. பதின்மூன்றே வருஷத்தில் எல்லாம் தலைகீழ்.

இடையில் நடந்ததை நீங்கள் நடத்தியிருப்பீர்கள். போர்க் கடன் ஏறிவிட்டது, அமெரிக்காவில் படை வைக்கவும் செலவு, அதில் ஒரு பங்கை அங்கே வசூலிக்கலாம் என்று பாராளுமன்றம் முத்திரை வரி போட்டது. வரியின் தொகை பெரிய விஷயமில்லை. இங்கிலாந்தில் அதைவிடக் கூடுதல் வரி கட்டினார்கள். குத்தியது எங்கே என்றால், ‘நாங்கள் ஆங்கிலேயர், எங்கள் பிரதிநிதி ஓட்டுப் போடாத வரியை எங்கள்மேல் விதிக்க முடியாது’ என்று இவர்கள் சொன்னதற்கு, ‘நீங்கள் எங்களுக்குக் கீழ்ப்பட்ட குடியேற்றம், நாங்கள் சொல்வதே சட்டம்’ என்று பதில் வந்தது. 1766இல் வரியை நீக்கினார்கள். நீக்கிய கையோடு, எல்லா விஷயத்திலும் உங்களைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் எங்களுக்கு உண்டு என்று தனியாக ஒரு சட்டமும் போட்டு வைத்தார்கள். சாப்பாடு போட்டுவிட்டு, ‘இது உன் வீடு இல்லை, தெரியுமில்லையா?’ என்று கேட்பது போல.

இந்த இடத்தில் பெஞ்சமின் பிராங்க்ளினைக் கொண்டுவாருங்கள். இந்த மாற்றம் முழுவதையும் ஒரே ஆளில் பார்க்க வேண்டுமென்றால் அவரை விட்டால் வேறு ஆள் இல்லை. 1706இல் பாஸ்டனில் பிறந்தவர், ஆனால் 1757இலிருந்து 1775 வரை பெரும்பகுதி லண்டனில்தான் இருந்தார். குடியேற்றங்களின் துணை அஞ்சல் தலைவர், அரசாங்க உத்தியோகம். மகன் வில்லியம் நியூ ஜெர்ஸிக்கு மன்னர் நியமித்த ஆளுநர். சாம்ராஜ்யத்தின்மேல் அவருக்கு இருந்த பிரியம் நடிப்பில்லை.

1766 பிப்ரவரியில் முத்திரை வரி பற்றிப் பாராளுமன்றத்தில் அவரைக் கேள்வி கேட்டார்கள். 1763க்கு முன்னால் அமெரிக்கர்களின் மனநிலை எப்படி இருந்தது? உலகத்திலேயே நல்ல மனநிலை என்றார். கொஞ்சம் பேனா, மை, காகிதச் செலவில் அவர்களை ஆண்டீர்கள், ஒரு நூலைக் கட்டி நடத்திப் போனீர்கள் என்றார். பழைய இங்கிலாந்திலிருந்து வந்தவன் என்றாலே எங்களிடையே ஒரு தனி மரியாதை இருந்தது என்றும் சொன்னார். கடைசியில் இரண்டு கேள்விகள். அமெரிக்கர்களுக்கு முன்பு எதில் பெருமை? பிரிட்டனின் நாகரிகத்திலும் சாமான்களிலும். இப்போது எதில் பெருமை? புதுசு நெய்துகொள்ளும்வரை பழைய துணியையே திரும்பத் திரும்ப உடுத்துவதில்.

எட்டு வருஷம் கழித்து, 1774 ஜனவரி 29 அன்று, அதே லண்டனில் மன்னரின் ஆலோசனை சபை முன்னால் அதே பிராங்க்ளின் நின்றார். மாசசூசெட்ஸ் ஆளுநரின் கடிதங்கள் வெளியே கசிந்த விவகாரம். வெடர்பர்ன் என்ற அரசு வழக்கறிஞர் ஏறத்தாழ ஒரு மணி நேரம் அவரைத் திருடன் என்கிற ரீதியில் கிழித்தார். சபையில் இருந்த பிரபுக்கள் சிரித்தார்கள், கைதட்டினார்கள். 68 வயதுப் பெரியவர், முகத்தில் ஒரு அசைவும் காட்டாமல் நின்றுகொண்டே இருந்தார். ஓரிரு நாளில் அஞ்சல் உத்தியோகமும் போயிற்று. உள்ளே போனபோது அவர் பிரிட்டிஷ்காரர், வெளியே வந்தபோது அமெரிக்கர் என்று சொல்வோர் உண்டு. எனக்கு அது கொஞ்சம் சினிமாத்தனமாகப் படுகிறது. அதன் பிறகும் ஒரு வருஷத்துக்கு மேல் லண்டனிலேயே இருந்து சமாதானத்துக்கு ஓடியாடினார். ஆனால் பிள்ளைகளுக்குச் சொல்லலாம், தப்பில்லை.

இதுவரை சொன்னது இங்கிலாந்தோடு முறிந்த கதை. அதில் பாதிப் பதில்தான் இருக்கிறது. இங்கிலாந்தை வெறுத்த வர்ஜீனியாக்காரன் வர்ஜீனியாக்காரனாகவே இருந்திருக்கலாமே, ‘அமெரிக்கன்’ ஏன் ஆனான்? இத்தனைக்கும் பதின்மூன்று குடியேற்றங்களும் ஒன்றையொன்று கண்டால் ஆகாது. 1759, 1760இல் அங்கே சுற்றிய பர்னபி என்ற ஆங்கிலப் பாதிரியார், நெருப்பும் தண்ணீரும்கூட இந்தக் குடியேற்றங்களைப் போல ஒன்றுக்கொன்று ஒட்டாதவை அல்ல என்று எழுதினார். 1754இல் பிராங்க்ளின் தன் பத்திரிகையில் வெளியிட்ட பாம்புப் படம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். எட்டுத் துண்டாக வெட்டிய பாம்பு, கீழே ‘சேர், இல்லையேல் சாவு’. அது பிரிட்டனுக்கு எதிராகப் போட்ட படம் என்று பல பேர் நினைக்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்களை எதிர்க்கப் பிரிட்டனின் நிழலில் ஒன்று சேருங்கள் என்று போட்ட படம் அது. அதே வருஷம் ஆல்பனியில் அவர் கொடுத்த ஒற்றுமைத் திட்டத்தை எந்தச் சட்டசபையும் ஏற்கவில்லை. அதே பாம்பை 1765இலும் 1774இலும் தூசு தட்டி எடுத்துப் பிரிட்டனுக்கு எதிராகத் திருப்பினார்கள்.

அவர்களைச் சேர்த்தது என்ன என்றால், நான் துணியைச் சொல்வேன். தத்துவம் எல்லாரையும் எட்டாது. பிரிட்டிஷ் சாமானை வாங்க மாட்டோம் என்ற முடிவு ஒவ்வொரு வீட்டு அலமாரிக்குள்ளும் நுழைந்தது. தேநீர் வேண்டாம் என்பதை முடிவு செய்தது வீட்டுப் பெண்கள். அவர்கள் ஓரிடத்தில் கூட்டமாக உட்கார்ந்து ராட்டை சுற்றினார்கள். 1768இல் ஹார்வர்டில் பட்டம் வாங்கிய மாணவர்கள் உள்ளூரில் நூற்று நெய்த துணியில் வந்து நின்றார்கள். முன்பு முரட்டுத் துணி என்றால் ஏழ்மை, இப்போது அதுவே கெளரவம். கதர் உடுத்திய தாத்தா யாராவது வீட்டில் இருந்த பிள்ளைக்கு இது சட்டென்று புரிந்துவிடும். பாஸ்டனில் என்ன முடிவு, சார்ல்ஸ்டனில் யார் கையெழுத்துப் போடவில்லை என்ற செய்தியெல்லாம் பத்திரிகைகளில் ஊர் ஊராகப் போயிற்று. முகம் தெரியாத ஒருத்தி ஐந்நூறு மைலுக்கு அப்பால் அதே தேநீரைக் குடிக்காமல் இருக்கிறாள் என்பது இங்கே இருப்பவளுக்குத் தெரிந்தது.

(தேநீர் என்றதும் ஒன்று. 1773 டிசம்பர் 16 இரவு பாஸ்டன் துறைமுகத்தில் கொட்டிய 342 பெட்டித் தேயிலை கிழக்கிந்தியக் கம்பெனியுடையது. அதனால் அது இந்தியத் தேயிலை என்று பிள்ளைகள் எழுதிவிடுகிறார்கள். அத்தனையும் சீனத் தேயிலை. அசாம் தோட்டமெல்லாம் அதற்கு ரொம்பப் பின்னால்.)

அப்புறம் 1774. தண்டனையாகப் பாஸ்டன் துறைமுகத்தை ஜூன் முதல் தேதி மூடினார்கள். பாஸ்டன் தனித்துப்போய்ப் பணிந்துவிடும் என்று லண்டன் கணக்குப் போட்டது. தென் கரோலினாவிலிருந்து அரிசி வந்தது. கனெக்டிகட்டிலிருந்து இஸ்ரேல் புட்னம் என்ற பழைய போர்வீரர் நூற்றுக்கும் மேற்பட்ட ஆடுகளைத் தானே ஓட்டிக்கொண்டு பாஸ்டனுக்குள் நுழைந்தார். என் மாணவர்களுக்கு அந்த ஆட்டு மந்தைதான் மனதில் நின்றது, சட்டங்களின் பெயர் அல்ல. அந்தச் செப்டம்பரில் பிலடெல்பியாவில் கூடிய மாநாட்டில் வர்ஜீனியாவின் பேட்ரிக் ஹென்றி எழுந்து, ‘நான் வர்ஜீனியாக்காரன் இல்லை, அமெரிக்கன்’ என்றார். 1765லேயே தென் கரோலினாவின் காட்ஸ்டன், இந்தக் கண்டத்தில் நியூ இங்கிலாந்துக்காரன், நியூயார்க்காரன் என்று யாரும் இருக்கக் கூடாது, நாம் எல்லாரும் அமெரிக்கர் என்று எழுதியிருந்தார். இதை ரொம்பவும் நம்பிவிடாதீர்கள். அதே ஹென்றி 1788இல் புது அரசியலமைப்பை எதிர்த்து, ‘மாநிலங்களாகிய நாங்கள்’ என்று எழுதாமல் ‘மக்களாகிய நாங்கள்’ என்று எழுத யார் அனுமதி கொடுத்தது என்று சண்டை பிடித்தார்.

1775 ஏப்ரலில் லெக்சிங்டனில் முதல் துப்பாக்கிச் சண்டை வெடித்தபோதும் கதை முடிந்துவிடவில்லை. படை வருவதை எச்சரிக்கப் போன பால் ரெவியர் என்ற பாஸ்டன்காரர் நள்ளிரவில் குதிரையில் பறந்து ‘பிரிட்டிஷ்காரர்கள் வருகிறார்கள்’ என்று கத்தினார் என்பார்கள். அவர் அப்படிக் கத்தியிருக்க முடியாது. கேட்பவன் ‘நாமும் பிரிட்டிஷ்தானே, யார் வருகிறது?’ என்றிருப்பான். லெக்சிங்டனில் ஒரு வீட்டு வாசலில் காவலுக்கு நின்றவர், உள்ளே தூங்குகிறார்கள், சத்தம் போடாதே என்றாராம். சத்தமா, இன்னும் கொஞ்ச நேரத்தில் வேண்டிய மட்டும் கேட்பீர்கள், ரெகுலர்கள் புறப்பட்டுவிட்டார்கள் என்றார் ரெவியர். ரெகுலர்கள் என்றால் மன்னரின் நிரந்தரப் படை. மறுநாள் விடியலில் ரத்தம் சிந்திய பிறகும், 1775 ஜூலையில் மன்னருக்கு விசுவாசமான குடிகள் என்று கையெழுத்திட்டு ஒரு சமாதான விண்ணப்பம் போனது. மன்னர் அதை வாங்கவே மறுத்து, ஆகஸ்டில் இவர்களைக் கலகக்காரர்கள் என்று அறிவித்தார். பாராளுமன்றம் கெட்டது, மன்னர் நல்லவர் என்று பத்து வருஷம் பிடித்துக்கொண்டிருந்த கயிறு அங்கேதான் அறுந்தது.

பையன் ஒரு தேதி கேட்டால் எனக்குப் பிடித்த பதில் ஒன்று உண்டு. 1776 ஜூனில் ஜெபர்சன் சுதந்திரப் பிரகடனத்தின் வரைவை எழுதுகிறார். அவருடைய வரைவில் எங்கே பார்த்தாலும் அடித்தல் திருத்தல். ஆனால் ஒரு சொல்லை மட்டும் அவர் அடிக்கவில்லை, மை காய்வதற்குள் தேய்த்து அழித்துவிட்டு அதன்மேலேயே வேறொரு சொல்லை எழுதியிருக்கிறார். அடியில் இருந்தது என்ன என்று 2010இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தார் பலவித ஒளியில் படம் எடுத்துக் கண்டுபிடித்தார்கள். மேலே இருப்பது ‘சக குடிமக்கள்’. கீழே இருந்தது மன்னருக்குக் கீழ்ப்பட்ட ‘சக குடிகள்’. முப்பத்து மூன்று வயது வரை பழகிய சொல் கை போன போக்கில் வந்துவிட்டது. எழுதியவருக்கே திடுக்கிட்டிருக்க வேண்டும். தமிழில் இதைச் சொல்வதில் ஒரு சங்கடம் இருக்கிறது, கவனித்தீர்களா? ‘பிரஜை’ என்றால் நமக்கு இரண்டும்தான், ராஜாவின் பிரஜையும் அதுவே, பிரஜா உரிமையும் அதுவே. அதனால் வகுப்பில் ‘மன்னரின் குடிகள்’, ‘குடிமக்கள்’ என்று பிரித்துச் சொல்லிவிடுங்கள்.

அதே வரைவில், நாம் சேர்ந்தே சுதந்திரமான பெரிய மக்களாக இருந்திருக்கலாம் என்று பிரிட்டிஷ் மக்களைப் பார்த்து ஏங்குகிற ஒரு வரியும் இருந்தது. மாநாட்டில் அதை வெட்டிவிட்டார்கள். ஆரம்பத்திலேயே ‘ஒரு மக்கள்’ இன்னொரு மக்களோடு இருந்த கட்டை அவிழ்ப்பதாக எழுதியாகிவிட்டது, பின்னால் ஏக்கம் எதற்கு என்று நினைத்தார்களோ என்னவோ.

இதில் ஒரு பகுதியை விட்டுவிட்டு நடத்தாதீர்கள். அந்த ‘ஒரு மக்களில்’ யார் யார்? ஏறத்தாழ 25 லட்சம் பேரில் 5 லட்சம் பேர் அடிமைகள். தேயிலை கொட்டப் போனவர்கள் மோஹாக் பழங்குடி வேஷம் கட்டிக்கொண்டார்கள், நாங்கள் இந்த மண்ணுக்காரர்கள் என்று காட்ட. அந்த வேஷக்காரர்களின் பிரகடனம் பழங்குடிகளை இரக்கமற்ற காட்டுமிராண்டிகள் என்கிறது. மேற்கே மலைக்கு அப்பால் குடியேறக் கூடாது என்று 1763இல் மன்னர் போட்ட கோட்டின்மேல் இவர்களுக்கு இருந்த ஆத்திரமும் அந்த ஒற்றுமையில் கலந்திருக்கிறது. 1775 நவம்பரில் வர்ஜீனியா ஆளுநர் டன்மோர், கலகக்காரர்களின் அடிமைகள் எங்கள் பக்கம் வந்து ஆயுதம் எடுத்தால் விடுதலை என்று அறிவித்ததும், அதுவரை மதில்மேல் நின்ற பண்ணைக்காரர்கள் பலர் ஒரே நாளில் தேசபக்தர் ஆனார்கள். மறுபக்கம், அமெரிக்கர் ஆக மறுத்தவர்களும் ஏராளம். போர் முடிந்தபோது சுமார் 60,000 பேர் நாட்டைவிட்டே போனார்கள். பிராங்க்ளினின் மகன் வில்லியம் மன்னர் பக்கமே நின்று சிறைக்குப் போனார். அப்பா அவரைக் கடைசிவரை மன்னிக்கவில்லை. ஒரே வீட்டில், ஒரே மேஜையில் சாப்பிட்டவர்களில் ஒருவர் அமெரிக்கர், ஒருவர் பிரிட்டிஷ். ரத்தமும் மண்ணும் தூரமும் ஒரு மக்களை உண்டாக்குகின்றன என்பவர்களிடம் இந்த அப்பா பிள்ளையைக் காட்டலாம்.

இது அங்கே மட்டும் நடந்ததும் இல்லை. தென் அமெரிக்காவில் பிறந்த ஸ்பானிய வம்சாவளியினர், ஸ்பெயினில் பிறந்தவனுக்குத்தான் பெரிய பதவி என்பதில் புழுங்கிக்கொண்டிருந்தார்கள். 1800ஐ ஒட்டி அங்கே பயணம் செய்த ஜெர்மன் அறிஞர் ஹம்போல்ட், ‘நான் ஸ்பானியன் இல்லை, அமெரிக்கன்’ என்று அவர்கள் பெருமையாகச் சொல்வதைக் கேட்டு எழுதிவைத்தார். அங்கேயும் சமமாக நடத்து என்ற கேள்விதான் முதலில் வந்தது.

இனி உங்கள் ஒரு பீரியட். தேதிப் பட்டியலை ஒதுக்கிவிடுங்கள், அதைப் புத்தகம் பார்த்துக்கொள்ளும். பலகையில் வாஷிங்டனின் 1757ஆம் வருஷ வரியை எழுதி, ‘இவர் இங்கே அமெரிக்கரா, பிரிட்டிஷா?’ என்று கேளுங்கள். கட்சி பிரிந்து சண்டை போடட்டும். பத்து நிமிஷம் அதற்கே போகும், போகட்டும். அடுத்து பாம்புப் படம், பிறகு பிராங்க்ளினின் அந்தப் பழைய துணிப் பதில், ஆட்டு மந்தை. கடைசியில் சாக்பீஸால் ‘குடிகள்’ என்று எழுதி, டஸ்டர் எடுக்காமல் உள்ளங்கையால் தேய்த்து, அந்த வெள்ளைத் தீற்றலின் மேலேயே ‘குடிமக்கள்’ என்று எழுதுங்கள். அடியில் பழைய எழுத்து லேசாகத் தெரியும். அழித்துச் சுத்தமாக்க வேண்டாம், மணி அடிக்கும்வரை அப்படியே இருக்கட்டும்.

நேரம் மிச்சமிருந்தால் அந்தப் பையனுக்காக இதையும் சொல்லுங்கள். முத்திரை வரியை நீக்கிய நன்றிக்கு நியூயார்க்காரர்கள் மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்கு ஒரு குதிரைச் சிலை செய்யச் சொல்லி, 1770இல் நிறுத்தினார்கள். ஈயத்தில் வார்த்துத் தங்கமுலாம் பூசியது. 1776 ஜூலை 9 அன்று பிரகடனத்தை வாசிக்கக் கேட்டுவிட்டு, அதே ஊர்க்காரர்கள் கயிறு கட்டி அதைச் சாய்த்தார்கள். ஈயத்தை கனெக்டிகட்டில் லிட்ச்பீல்ட் என்ற ஊருக்கு வண்டியில் கொண்டுபோய், ஆலிவர் வுல்காட் என்பவர் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் அதை உருக்கித் துப்பாக்கிக் குண்டு வார்த்தார்கள். யார் எத்தனை என்று கணக்கெழுதி வைத்திருக்கிறார்கள். மொத்தம் 42,088. அதில் 936 குண்டு அந்த வீட்டுச் சின்னப் பையன் பிரெடரிக் வார்த்தது. அவனுக்கு அப்போது ஒன்பது வயதுகூட ஆகவில்லை.